வாசிக்கத் தடுமாறும் பிள்ளை: ரியூசனா, விசேட அலகா, யாழ்ப்பாணமா, வீடா?

அக்காவின் மகன் தரம் 4 படிக்கிறான். போன தவணை விடுமுறையில் வன்னியில், விசுவமடுவில் என்னோடு நின்றான். ஒருநாள் பின்னேரம் தமிழ்ப் புத்தகத்தில் ஒரு பாடத்தை வாசித்துக் காட்டச் சொன்னேன். தடங்கலே இல்லாமல் வாசித்தான். குரலில் ஏற்ற இறக்கம்கூட இருந்தது. ஆனால் விரல் மட்டும் வாயை விட இரண்டு வரி முந்திப் போய்க்கொண்டிருந்தது. பக்கத்தின் நடுவில் ஒரு சொல்லைத் தொட்டு, "இது என்ன தம்பி?" என்றேன். ‘கொக்கு’ என்று இருந்தது. "கெ... கா..." என்று இழுத்துவிட்டு என் முகத்தைப் பார்த்தான். "முதலிலயிருந்து வாசிச்சால் தெரியும் சின்னம்மா" என்றான்.

பாடம் முழுவதையும் காதால் கேட்டு மனப்பாடம் செய்து வைத்திருக்கிறான். முதலாம் வகுப்பிலிருந்து இப்படித்தான் சமாளித்து வந்திருக்கிறான். அவ்வளவு பெரிய வேலையை அந்தச் சின்னத் தலை தனியே செய்திருக்கிறது என்று நினைக்க எனக்கு நெஞ்சு அடைத்தது. அவனை மொக்கு என்று சொன்னவர்கள் இருக்கிறார்கள். மொக்குப் பிள்ளையால் இப்படிச் சமாளிக்க முடியாது.

அன்றிரவே வீட்டில் கதை தொடங்கிவிட்டது. அடுத்த வருடம் தரம் 5 புலமைப்பரிசில் பரீட்சை, உடனே நல்ல ரியூசனில் விடவேண்டும் என்றார் அத்தான். வளர வளரச் சரிவரும், பிள்ளையை வருத்தாதையுங்கோ என்றா அம்மம்மா. கனடாவில் இருக்கிற சித்தப்பா, அங்கே நிறக் கண்ணாடி போட்டு வாசிக்க வைக்கிறார்கள், ஒன்று வாங்கி அனுப்பவா என்று கேட்டார். பாடசாலையில் விசேட கல்வி அலகு என்று ஒரு பேச்சு. யாழ்ப்பாணத்தில் இதற்கென்றே பயிற்சி எடுத்த ஒருவர் தனியே படிப்பிக்கிறார் என்று இன்னொரு பேச்சு. முன்பள்ளியில் படிப்பிக்கிற எனக்கே அன்று எது சரி என்று தெரியவில்லை. அதற்குப் பிறகு விசாரித்ததையும் வாசித்ததையும் செய்து பார்த்ததையும் வைத்து, இதே இடத்தில் நிற்கிற பெற்றோருக்காக இதை எழுதுகிறேன்.

முதலில் கண்ணும் காதும். எதைத் தெரிவு செய்வதற்கு முன்னும் இரண்டையும் பரிசோதியுங்கள். பாடசாலை வைத்தியப் பரிசோதனையில் தவறவிட்டிருந்தால் ஆஸ்பத்திரியில் பிள்ளை வைத்தியரிடம் காட்டலாம். காதில் சீழ் வடிந்து வடிந்து கேட்கும் திறன் குறைந்த பிள்ளைக்கு ‘ட’வும் ‘த’வும் ஒன்றாகத்தான் கேட்கும். நிறக் கண்ணாடியை இங்கேயே விட்டுவிடுவோம். அமெரிக்கக் குழந்தை மருத்துவர் கழகமும் கண் மருத்துவர் அமைப்புகளும் சேர்ந்து 2009-இல் விட்ட அறிக்கை, வாசிப்பு இடர்பாட்டுக்கு நிறக் கண்ணாடியும் கண் பயிற்சியும் பலன் தரும் என்பதற்குத் தக்க ஆதாரம் இல்லை என்று சொல்லிவிட்டது. டிஸ்லெக்சியா என்கிற இந்த வாசிப்பு இடர்பாடு கண்ணில் இருக்கிற குறை இல்லை. சொல்லுக்குள் இருக்கிற ஒலிகளைப் பிரித்துப் பிடிப்பதிலும், ஒலியை எழுத்தோடு முடிச்சுப் போடுவதிலும்தான் பிள்ளை தடுமாறுகிறது.

காத்திருப்பது பற்றி ஒரு சொல். அம்மம்மாவின் பேச்சில் பாதி உண்மை இருக்கிறது. எங்கள் எழுத்துமுறையில் எழுத்துகள் அதிகம், அதனால் எல்லாம் கைவர நாள் எடுக்கும். எங்களுடையதைப் போலவே உயிர்மெய் உள்ள கன்னடத்தைப் படிக்கிற பிள்ளைகளை வைத்து சொனாலி நாக் 2007-இல் வெளியிட்ட ஆய்வும் அதைத்தான் காட்டியது. ஆகவே தரம் 1-இல் தடுமாறினால் பயப்படத் தேவையில்லை, பார்த்துக்கொண்டிருக்கலாம். தரம் 3 முடிந்தும் ‘கொ’வைப் பிரித்து வாசிக்கிற பிள்ளைக்குக் காத்திருத்தல் மருந்தாகாது. அதற்குள் அது தன்னைப் பற்றி ஒரு முடிவுக்கு வந்துவிடும்.

அடுத்தது, எதைத் தேடுகிறோம் என்று தெரியவேண்டும். 1925-இல் அமெரிக்காவின் ஐயோவா மாநிலத்தில், மற்றதிலெல்லாம் கெட்டிக்காரராக இருந்தும் வாசிக்க முடியாத பிள்ளைகளைப் பற்றி சாமுவேல் ஓர்ட்டன் என்ற வைத்தியர் எழுதினார். அன்னா கில்லிங்ஹாம், பெசி ஸ்டில்மன் என்ற இரண்டு ஆசிரியைகள் 1930களில் அவருடைய கருத்தை வகுப்பில் செய்யக்கூடிய பாட ஒழுங்காக ஆக்கினார்கள். அந்த வழியில் வளர்ந்ததை இன்று ஸ்ட்ரக்சர்ட் லிட்டரசி என்கிறார்கள். நான் படிமுறைப் பயிற்சி என்றே எழுதுகிறேன். ஒலியிலிருந்து எழுத்துக்குப் போவார்கள். இலகுவானது முதல், கடினமானது பிறகு என்று ஓர் ஒழுங்கு இருக்கும். பிள்ளையை ஊகிக்க விடாமல் நேரே சொல்லிக் கொடுப்பார்கள். கண், காது, வாய், கை நாலும் ஒன்றாக வேலை செய்யும். நேற்றையதைத் தொட்டுவிட்டுத்தான் புதியதுக்குப் போவார்கள். ஒரு படி பிடிபடாமல் அடுத்த படி இல்லை.

இதை அளவுகோலாக வைத்துக்கொண்டு ஒவ்வொன்றாகப் பார்ப்போம்.

ரியூசன் பற்றிக் கூடக் கதைக்க ஒன்றுமில்லை, கணக்கே சொல்லிவிடும். 40 பிள்ளைகள், இரண்டு மணித்தியாலம். ஒரு பிள்ளைக்கு மூன்று நிமிடம் வருகிறது, அதுவும் ஆசிரியர் மூச்சு விடாமல் படிப்பித்தால். அங்கே நடக்கிறது கடந்தகால வினாத்தாள். வினாத்தாளை வாசிக்கத் தெரியாத பிள்ளைக்கு அதைக் கொடுத்தால் அவன் பக்கத்துப் பிள்ளையின் விடையைப் பார்க்கப் பழகுவான். எங்கள் பிள்ளை அப்படிப் பழகியிருந்தான். அத்தான் ஒரு மாதம் விட்டுப் பார்த்தார். கொப்பி முழுக்கச் சரி அடையாளம், சொல்வதெழுதலில் ‘பட்டம்’ என்பதற்கு ‘படம்’, ‘பாட்டு’ என்பதற்கு ‘பாடு’. அந்த ஆசிரியரில் ஒரு குறையும் இல்லை. அவருடைய வேலை வாசிக்கத் தெரிந்த பிள்ளைகளைப் பரீட்சைக்கு ஆயத்தப்படுத்துவது.

விசேட கல்வி அலகு என்றதும் அக்கா அழுதுவிட்டா. ஊரில் என்ன சொல்வார்கள் என்ற பயம். அந்தப் பயம் எனக்கு விளங்குகிறது, ஆனால் அதை வைத்து முடிவெடுக்கக் கூடாது. அலகில் நல்லது நிறைய இருக்கிறது: காசில்லை, பக்கத்தில் இருக்கிறது, பாடசாலை நாள் எல்லாம் நடக்கிறது, ஆசிரியருக்கு விசேட கல்விப் பயிற்சி இருக்கும். ஆனால் ஒரே அறையில் கேட்காத பிள்ளையும், கதைக்க வராத பிள்ளையும், வளர்ச்சி தாமதமான பிள்ளையும் இருக்கும்போது, வாசிப்பு ஒன்றில் மட்டும் தடுமாறுகிற பிள்ளைக்கு அந்த ஆசிரியரால் எவ்வளவு நேரம் ஒதுக்க முடியும் என்பதை நேரில் போய்ப் பாருங்கள். இரண்டு மூன்று நாள் வெளியே இருந்து பார்த்தாலே தெரிந்துவிடும். பிள்ளைக்கு வாசிப்போடு வேறு பாடங்களும் விளங்கவில்லை என்றால் நான் அலகைத்தான் முதலில் சொல்வேன். எங்கள் பிள்ளைக்குக் கணக்கு வாயால் சொன்னால் உடனே வரும். அவனை வகுப்பிலிருந்து பிரிக்க எனக்கு மனம் வரவில்லை.

அலகைத் தெரிவு செய்யாவிட்டாலும் வகுப்பாசிரியரிடம் மறைக்காதீர்கள். நாங்கள் போய் மூன்றே மூன்று விஷயம் கேட்டோம். எல்லோருக்கும் முன்னால் திடீரென்று எழுப்பி வாசிக்க விடவேண்டாம். கணக்கில் வசனம் வந்தால் யாராவது அவனுக்கு வாசித்துக் காட்டட்டும். சுற்றாடல் பாடத்தில் விடை சரியென்றால் எழுத்துப் பிழைக்கு வெட்டவேண்டாம். ரீச்சர் மூன்றுக்கும் ஓம் என்றா. காசு செலவில்லாமல் பிள்ளையின் முகம் மாறியது அந்தக் கிழமைதான். வலயக் கல்விப் பணிமனையில் விசேட கல்விக்கான ஆசிரிய ஆலோசகரையும் கேட்டுப் பாருங்கள். பரிகாரக் கற்பித்தலுக்கு என்ன வசதி இருக்கிறது என்று அங்கேதான் தெரியும்.

யாழ்ப்பாணம். படிமுறைப் பயிற்சி தெரிந்த ஒருவர், ஒரு பிள்ளை, ஒரு மணித்தியாலம். தரத்தில் இதற்கு நிகர் இல்லை. ஆனால் விசுவமடுவிலிருந்து பரந்தன், பரந்தனில் பஸ் மாறி ஆனையிறவு தாண்டி யாழ்ப்பாணம். போய் வரச் சனிக்கிழமை முடிந்துவிடும். முல்லைத்தீவுப் பக்கம், மல்லாவி, நெடுங்கேணி என்றால் இன்னும் மோசம். நாள் கூலிக்குப் போகிற தகப்பனுக்கு அது ஒரு நாள் சம்பளம். அதை விட எனக்குப் பெரிதாகப் பட்டது இடைவெளி. கிழமைக்கு ஒரு மணித்தியாலம் என்றால் மாதத்துக்கு நாலு. இடையில் ஆறு நாள் ஒன்றும் செய்யாவிட்டால் இந்தப் பிள்ளைகளுக்கு அடுத்த சனிக்கிழமை பாதி அழிந்துபோயிருக்கும். தினமும் வீட்டில் அரை மணித்தியாலம் என்றால், கிழமைக்கு ஆறு நாள் வைத்தாலும் மாதம் 12 மணித்தியாலம் வருகிறது.

சூம் வகுப்பு அந்தத் தூரத்தைக் குறைக்கும். சென்னையிலும் வெளிநாட்டிலும் இருந்து படிப்பிக்கிறவர்கள் கிடைக்கிறார்கள். ஆனால் போனில் ‘ன’வும் ‘ண’வும் ஒன்றாகக் கேட்கும், மழைக்குச் சிக்னல் போகும், பக்கத்தில் ஒரு பெரியவர் இருந்து விரலைப் பார்க்காவிட்டால் பிள்ளை பழையபடி ஊகிக்கும். பக்கத்தில் ஒருவர் இருக்க முடியுமென்றால் சூம் நல்லது.

யாழ்ப்பாணமோ சூமோ, காசு கட்ட முன் ஒன்றைக் கட்டாயம் கேளுங்கள்: எந்த மொழியில், எந்த ஒழுங்கில் படிப்பிக்கிறீர்கள்? இந்தப் படிமுறைப் பயிற்சி ஆங்கிலத்துக்காக உருவானது. அதிலுள்ள விதிகளில் பாதி ஆங்கில எழுத்துக்கூட்டலின் சிக்கலைத் தீர்க்க வந்தவை. அவற்றை அப்படியே பிள்ளையின் முன் விரித்தால் தமிழ் வாசிப்புக்கு உதவாது. ஆங்கிலம் உலகத்துக்குத் தேவை, அதிலேயே தொடங்குங்கோ என்று வெளிநாட்டு உறவுகள் சொல்வார்கள். நான் ஒத்துக்கொள்ளவில்லை. பிள்ளை கதைக்கிற மொழியில்தான் ஒலியைப் பிரிக்கப் பழகவேண்டும். தமிழில் ஓர் எழுத்துக்குப் பெரும்பாலும் இடத்தைப் பொறுத்து ஒலி நிச்சயமாக வந்துவிடும். அந்த நிச்சயம் தடுமாறுகிற பிள்ளைக்குப் பெரிய ஊன்றுகோல். அதைப் பிடித்து நிமிர்ந்த பிறகு ஆங்கிலத்துக்குப் போகலாம்.

எங்கள் மொழியில் எங்கே இடறும் என்பதை விரிவாகச் சொல்லவேண்டும், ஏனென்றால் வீட்டில் படிப்பிக்கப் போகிறவருக்கு இதுதான் முழு வேலையும். 247 எழுத்து என்று பார்த்தால் மலைப்பு வரும். உயிர் 12, மெய் 18, குறியீடுகள் கொஞ்சம் என்று பிரித்தால் ஏறக்கூடிய மேடுதான். முதலில் ப, ட, ம, ர, க, ல, புள்ளி. இவ்வளவோடு படம், மரம், கடல், பட்டம் எல்லாம் வாசிக்கலாம். பிறகு அரவு, அதாவது ‘கா’வில் வருகிற கால், பிறகு இகர ஈகாரம். அதன்பின் உகரம். அங்கே நிறையப் பிள்ளைகள் விழும். ஆ வரிசையில் ஒரே கால் போதும். உ வரிசையில் கு ஒரு மாதிரி, சு வேறு மாதிரி, து இன்னொரு மாதிரி. கு, டு, மு, ரு, ழு, ளு ஒரு குடும்பம். சு, பு, யு, வு இன்னொன்று. து, நு, ணு, லு, று, னு மூன்றாவது. வரிசையாகக் கூவாமல் குடும்பம் குடும்பமாகப் பிரித்துக் கொடுத்தால் பிடிபடுகிறது.

கடைசியில்தான் எ, ஏ, ஐ, அதற்குப் பின் ஒ, ஓ. இவற்றில் கண்ணுக்கு முதலில் வருவது வாய்க்குப் பிறகு வரும். ‘கெ’யில் கொம்பை முதலில் பார்க்கிறோம், ஆனால் க் தான் முதல் ஒலி. ‘கொ’வில் குறி இரண்டு பக்கமும் நிற்கிறது. எங்கள் பிள்ளை "கெ... கா" என்று வாசித்தது முட்டாள்தனமில்லை. இடமிருந்து வலமாக, கண்ட ஒழுங்கில், நேர்மையாக வாசித்திருக்கிறான். மூன்று பகுதியும் சேர்ந்து ஒரே எழுத்து என்று அவனுக்கு யாரும் உட்கார்ந்து சொல்லவில்லை. மூன்றையும் ஒரே அட்டையில் எழுதி, சுற்றிச் சிவப்பு வட்டம் போட்டுக் கொடுத்த அன்றைக்கு, "இது ஒரு எழுத்தோ சின்னம்மா?" என்று கேட்டான். தரம் 4-இல்.

புள்ளிக்குப் புளியங்கொட்டை. ‘படம்’ சொல்லச் சொல்லி எழுத்துக்கு ஒரு கொட்டை வைக்கச் சொன்னேன், மூன்று வைத்தான். ‘பட்டம்’ சொல்லச் சொன்னேன், அதற்கும் மூன்று. "மெதுவாச் சொல்லு, நாக்கு எங்க நிக்குது?" என்றேன். நாலைந்து தரம் சொல்லிப் பார்த்தான். ‘பட்டம்’ சொல்லும்போது நாக்கு மேலண்ணத்தில் கொஞ்ச நேரம் ஒட்டி நிற்பதைத் தானாகக் கண்டுபிடித்தான். நாலாவது கொட்டையை இடையில் தள்ளி வைத்தான். அதன்பிறகு முற்றத்து மணலில் விரலால் எழுதினோம், ஒவ்வோர் ஒலியையும் வாயால் சொல்லிச் சொல்லி. விஜயதசமிக்கு அரிசியில் ஏடு தொடக்குகிற ஊருக்கு விரலால் எழுதுவது புதிதில்லை.

அப்புறம் பேச்சு வழக்கு. ‘போகிறேன்’ என்று எழுதியிருக்க "போறன்" என்று வாசித்தால் அடிக்காதீர்கள். அவனுக்குப் பொருள் விளங்கியிருக்கிறது. "நாங்கள் கதைக்கிறது போறன், புத்தகம் எழுதுறது போகிறேன்" என்று இரண்டையும் பக்கத்தில் எழுதிக் காட்டுங்கள். ல, ள, ழ எல்லாவற்றிலும் கடைசி. எங்கள் பேச்சில் ழகரம் ளகரமாகிவிட்டதால் காதை நம்பி எழுத முடியாது. சொல் சொல்லாகத்தான் பழகவேண்டும்: வாழை, பழம், மழை ஒரு கட்டு, வாளி, பள்ளம், வெள்ளம் இன்னொரு கட்டு. வீட்டில் பாட்டன் பாட்டி படிப்பித்தால் ஒரு கவனம் வேண்டும். தமிழ்நாட்டில் 1978-இல் வந்த சீர்திருத்தத்துக்கு முந்திய ‘லை’, ‘னை’, ‘ணா’ வடிவங்கள் அவர்கள் கையில் இன்னும் வரும். பிள்ளைக்குப் புத்தகத்தில் உள்ள வடிவம் ஒன்று போதும்.

பிள்ளை உண்மையாக வாசிக்கிறதா, ஞாபகத்தில் சொல்கிறதா என்று பார்க்கப் பொருளில்லாத சொற்களை எழுதிக் கொடுங்கள்: ‘கமிபு’, ‘தோலகி’, ‘மெட்டசு’. இவற்றை மனப்பாடம் செய்ய முடியாது. கிழமைக்கு ஒருக்கால் பத்துச் சொல் கொடுத்து எத்தனை சரி என்று குறித்து வைத்தால் முன்னேற்றம் தெரியும்.

ஆனால் வீட்டில் படிப்பி என்று சொல்வது வன்னியில் அவ்வளவு இலகுவில்லை. இன்றைக்குத் தாய் தகப்பனாக இருக்கிறவர்களில் பலர் 2008, 2009-இல் போரில் இடம்பெயர்ந்து, பங்கரிலும் மெனிக் பாம் அகதி முகாமிலும் பள்ளிக்கூடக் காலத்தைத் தொலைத்தவர்கள். அக்காவும் அப்படித்தான். எழுத்துக்கூட்ட அவவுக்கே பயம். "நான் பிழையாச் சொல்லிக் குடுத்திடுவன்" என்றா. அதோடு டிஸ்லெக்சியா குடும்பத்தில் ஓடும். பிள்ளைக்கு வருகிற தடுமாற்றம் தகப்பனுக்கும் இருந்திருக்கலாம், அவர் வெட்கத்தில் சொல்லியிருக்கமாட்டார். அப்படியென்றால் தாய் தகப்பனையே பிடித்துக் கட்டவேண்டியதில்லை. ஓ.எல். எழுதிவிட்டு நிற்கிற ஒரு மச்சாள், முன்பள்ளி ரீச்சர், பக்கத்து வளவு அக்கா, யாரென்றாலும் சரி. பொறுமையும் தினமும் வருகிற பழக்கமும் வேண்டும். கோபம் வருகிற ஆள் வேண்டாம், எவ்வளவு படித்திருந்தாலும்.

இங்கே இன்னொன்றும் இருக்கிறது. பாடசாலை தவறியதால் வாசிக்கத் தெரியாத பிள்ளையும் டிஸ்லெக்சியா உள்ள பிள்ளையும் வெளிப்பார்வைக்கு ஒன்றாகத்தான் தெரியும். இரண்டு பிள்ளைக்கும் இதே படிமுறைதான் உதவும். முதலாவது வேகமாக ஏறும், இரண்டாவது மெதுவாக. ஆகவே பெயர் சூட்டி ஒரு காகிதம் கிடைக்கும் வரை பயிற்சியைத் தள்ளிப் போடாதீர்கள். மூன்று மாதம் ஒழுங்காகச் செய்தும் அசையவில்லை என்றால் அப்போது வைத்தியர் மூலம் முழுப் பரிசோதனைக்குப் போவது அவசியம்.

எல்லாவற்றையும் வைத்துப் பார்த்து நாங்கள் எடுத்தது இது. யாழ்ப்பாணத்து ஆசிரியையிடம் ஒரே ஒரு தரம் நேரில் போனோம். அவ பிள்ளையைப் பார்த்து எங்கே நிற்கிறான், எங்கிருந்து தொடங்குவது என்று எழுதித் தந்தா. இப்போது மாதம் ஒருக்கால் வட்ஸ்அப்பில் அரை மணித்தியாலம் அவவோடு. மற்ற நாளெல்லாம் பின்னேரம் நாலரைக்கு, தேத்தண்ணி குடித்த பிறகு, விளையாடப் போக முன், நான் அல்லது அத்தானின் தங்கை. ஐந்து நிமிடம் பழைய அட்டை, பத்து நிமிடம் புதிய ஒலி, பத்து நிமிடம் வாசிப்பு, கடைசி ஐந்து நிமிடம் ஐந்து சொல் எழுதுவது. அரை மணித்தியாலத்துக்கு மேல் ஒரு நிமிடமும் இல்லை, அவன் கேட்டாலும். ரியூசன் நிறுத்தியாச்சு. அந்தக் காசு யாழ்ப்பாணத்து ஆசிரியைக்குப் போகிறது.

கிளிநொச்சி நகரத்திலோ வவுனியாவிலோ இருந்து, பயிற்சி பெற்றவர் கிழமைக்கு மூன்று நாள் கிடைப்பார் என்றால் நான் வீட்டை விட அதைத்தான் எடுத்திருப்பேன். வீட்டில் ஒருவரும் இல்லை, பாடசாலை அலகு நல்லது என்றால் அலகு. யாழ்ப்பாணத்துக்குக் கிழமைக்கு ஒருக்கால் மட்டும் போய், வீட்டில் ஒன்றும் செய்யாமல் இருப்பதைத்தான் கடைசியில் வைப்பேன், ரியூசனுக்கு ஒரு படி மேலே.

புலமைப்பரிசிலை என்ன செய்வது என்று அத்தான் இன்னும் கேட்கிறார். பரீட்சைக்குப் போகட்டும், அதற்கென்று தனியே ஒன்றும் வேண்டாம் என்று சொல்லியிருக்கிறேன். அவர் முழு மனதாக ஓம் என்று சொல்லவில்லை. அடுத்த தவணைத் தொடக்கத்தில் பொருளில்லாச் சொல் பத்தையும் அவர் முன்னாலேயே பிள்ளையிடம் கொடுக்கப் போகிறோம். தொடங்கிய நாள் இரண்டு சரி. போன சனிக்கிழமை ஆறு.